அம்மா பிறந்த ஊரை மறைக்க வேண்டாம்

வாசகர் கேள்வி

புனலூருக்குக் கிழக்கே, மலையடிவாரத்து ரப்பர் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 27 வயது, செவிலியராக வேலை பார்க்கிறார். அடையாளம் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மா 1966-இல் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977-இல், பதினோரு வயதில், பெற்றோரோடும் இரண்டு அண்ணன்களோடும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் வந்து இறங்கினார். மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கிய பிறகு குடும்பத்தைக் கேரளத்துக்கு அனுப்பினார்கள். தாத்தாவும் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். அம்மாவும் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அப்பாவின் குடும்பமும் இதே வழியில் வந்ததுதான்.

அம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு. கணவர் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்திருந்ததால் அவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். கப்பலேறிய அன்று பிரிந்த அக்காவும் தங்கையும் இன்றுவரை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது பெரியம்மாவுக்கு உடல்நிலை மோசம். "ஒரு தடவை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று அம்மா கேட்கிறார். பாஸ்போர்ட்டுக்காக ஒரு தரகரிடம் போனபோது அவர், "இலங்கையில் பிறந்தவர் என்று எழுதினால் அகதி என்று பிடித்துக்கொள்வார்கள். பிறந்த ஊர் செங்கோட்டை என்று போட்டுவிடலாம்" என்று சொல்லி, எதுவும் எழுதாத உறுதிமொழித் தாள் ஒன்றில் அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: தரகர் சொல்வது சரியா? நாங்கள் அகதிகளா, குடிமக்களா? திருநெல்வேலி மாவட்டத்து முகாமில் இருக்கும் அம்மாவின் சித்தப்பா மகனுக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, குடியுரிமை இல்லை என்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கும் ஒருநாள் அந்த நிலை வருமா? புதிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் விண்ணப்பித்தால் பாதுகாப்பாக இருக்குமா? தம்பிக்குச் சாதிச் சான்று தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பள்ளிக்கூடத்தில் எங்களைப் பாண்டி என்றார்கள். தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போனால் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். சிலோனில் தாத்தாவைக் கள்ளத்தோணி என்று சொன்னார்களாம். நாங்கள் எந்த ஊர்க்காரர்கள் ஐயா?"

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தரகரிடம் போய், அம்மா கையெழுத்திட்ட தாளைத் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால், இந்தத் தேதியில் இப்படி ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார், அதை எதற்கும் பயன்படுத்த அம்மா சம்மதிக்கவில்லை என்று எழுதிப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் அம்மா அகதி அல்லர். விருந்தாளியும் அல்லர். அவர் ராமேசுவரத்தில் கால் வைத்தபோதே இந்தியக் குடிமகளாகத்தான் வந்தார். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்த பழைய பாஸ்போர்ட், இந்திய அரசு கொடுத்தது. மண்டபத்தில் வழங்கிய குடும்ப அட்டையில் ஐந்து பேரின் பெயரும் வயதும் இருக்கின்றன. மடிப்பு விழுந்த இடத்தில் மை கலைந்திருந்தாலும், நான்காவது வரியில் "மகள், 11" என்பது தெளிவாகவே தெரிகிறது. அந்த வரிதான் உங்கள் அம்மா. இந்த வழக்கில் உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்புள்ள வரி அது.

எப்படி இந்தியர் ஆனார்கள்?

நம்மில் பலர் இந்த வரலாற்றைப் பாதிதான் கேட்டிருக்கிறோம், அதுவும் வெட்கப்பட வேண்டிய கதை போலத் தாழ்ந்த குரலில். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிலேயே பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது அது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களிடம் பாட்டனின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி, பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்த மக்களின் எண்ணிக்கை 9,75,000 என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யாருடைய வாழ்க்கையைப் பிரிக்கிறோமோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா ஒரு பங்கிலும் தங்கை மறுபங்கிலும் போனது இப்படித்தான். இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. புனலூரிலும் நீலகிரியிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் வீட்டுக்கு வீடு இந்தப் பிரிவு இருக்கிறது.

நம் சட்டத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களை 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கையிலிருந்த இந்தியத் தூதரகமே குடிமக்களாகப் பதிவு செய்தது. பிறகுதான் பாஸ்போர்ட் கொடுத்துக் கப்பலேற்றியது. சிறு பிள்ளைகளின் பெயர்களும் பெற்றோரின் ஆவணங்களோடு சேர்ந்தே வந்தன. அரசாங்கம் இவர்களைத் தாயகம் திரும்பியோர் என்ற தனிப் பிரிவாக வைத்தது. நிலமும் கடனும் வேலையும் கொடுத்துக் குடியமர்த்தியது அந்தப் பிரிவின் கீழ்தான். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமும், அதன் ஆயிரநல்லூர், குளத்துப்புழைத் தோட்டங்களும் இதற்காகவே வந்தவை. உங்கள் தாத்தா வேலை தேடி மலையேறி இங்கே வரவில்லை. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு, மூன்றாவதாக ஒரு மாநில அரசும் சேர்ந்து, இந்த ஊரில் கொண்டுவந்து இருத்தியது.

நீங்கள் 1998-இல் கேரளத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும். உங்களுக்கு இருவருமே குடிமக்கள். ஆகவே நீங்களும் தம்பியும் பிறப்பாலேயே இந்தியர்கள். யாரும் தந்து பெற வேண்டியதில்லை.

மாமாவின் நிலை வேறு

மாமா 1990-இல் படகில் வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாவில் போய்க் குடியேறி, போர் அங்கேயும் வந்தபோது கடல் கடந்திருக்கிறார். அவரை அரசு பதிவு செய்திருப்பது இலங்கை அகதியாக. உங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் ரத்தம் ஒன்று, பூர்வீகக் கிராமமும் ஒன்று. சட்டத்தின் கண்ணில் வழி வேறு. அவர் முகாமில் இருப்பதால் உங்கள் குடியுரிமைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஆனால் மாமாவுக்காக நீங்கள் ஒன்று செய்யலாம். அவருடைய தகப்பனார், அதாவது உங்கள் அம்மாவின் சித்தப்பா, 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தாரா என்று கேளுங்கள். எழுதிக்கொடுத்து, பதிவும் ஆகி, புறப்படத்தான் முடியாமல் போன குடும்பங்கள் உண்டு. 1984-இல் தலைமன்னார் கப்பல் நின்றபோது அப்படிச் சிக்கிக்கொண்டவர்களில் பலர் பிறகு படகில் வந்து, அகதிப் பதிவேட்டில் ஏறிவிட்டார்கள். குடும்பத்தின் பதிவு ஆவணம் கிடைத்து, அதில் மாமாவின் பெயரும் இருந்தால் அவருடைய வழக்கின் போக்கே மாறிவிடும். முகாமில் 1992-இல் பிறந்த அவருடைய மகளுக்கும், தகப்பன் குடிமகன் என்ற அடிப்படையில் உரிமை பிறக்கும்.

இந்த விஷயத்தில் தேதிக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், ஆகவே பிறப்பாலேயே குடிமகள் என்பதுதான் காரணம். பெற்றோர் அகதிகளாக இருந்தது குறுக்கே நிற்கவில்லை.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட ஆறு மதத்தினருக்கு மட்டுமே. இலங்கை அதில் இல்லை. இலங்கைத் தமிழரை விட்டது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை. ஏற்கெனவே குடிமகளாக இருப்பவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தால், தனக்கு அது இல்லை என்று தானே எழுதிக்கொடுத்தது போல் ஆகிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். மாமாவைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை ஒன்று இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, ஆவணமின்றி வந்ததற்காகத் தண்டனை நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது அது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது பெரிய காரியம்தான். என்றாலும் அதுவே குடியுரிமை ஆகிவிடாது. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

"செங்கோட்டை" என்று எழுதினால் என்ன ஆகும்?

தரகர் இதைச் சின்ன விஷயம் போலச் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தெரிந்தே பொய்த் தகவல் தருபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பொய் என்று பின்னால் தெரிந்தால் பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்யலாம். பொய்யைத் தாங்கப் போலிப் பிறப்புச் சான்று ஒன்றையும் உண்டாக்கினால் அது தனிக் குற்றம். வழக்கு வந்தால் கூண்டில் ஏறி நிற்பது அம்மா. தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

தண்டனையை விடவும் எனக்குக் கவலை தருவது வேறு. அம்மாவின் குடியுரிமை எதன் மேல் நிற்கிறது? இலங்கையில் பிறந்தார், பெற்றோர் இந்தியராகப் பதிவானார்கள், அவர்களோடு வந்தார், அரசு குடியமர்த்தியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள் இருக்கிறது. இதில் பிறந்த ஊரை மட்டும் செங்கோட்டை என்று மாற்றினால் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். செங்கோட்டையில் 1966-இல் அப்படி ஒரு பிறப்பு பதிவாகியிருக்காது. குடும்ப அட்டையில் இருக்கும் பதினோரு வயதுப் பெண் யார் என்ற கேள்வி எழும். அண்ணன்மார் இருவரும் இலங்கையில் பிறந்ததாகப் பதிவிருக்க, இவர் மட்டும் எப்படி இங்கே பிறந்தார் என்று கேட்பார்கள். கையிலிருக்கும் உறுதியான சான்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒருக்காலும் நிரூபிக்க முடியாத ஒன்றைப் பிடித்துக்கொள்வதாக ஆகும். தாள் இல்லாத காரணத்தால் ஒரு நாட்டில் எல்லா உரிமையையும் இழந்த குடும்பம் உங்களுடையது. இருக்கிற தாளை இன்னொருவர் பேச்சைக் கேட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறந்த நாடு வேறு என்பது பாஸ்போர்ட்டுக்குத் தடையே அல்ல. விண்ணப்பப் படிவத்திலேயே இந்தியாவுக்கு வெளியே பிறந்தவரா என்ற கேள்வி இருக்கிறது. குடியுரிமை பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா என்ற கேள்வியும் இருக்கிறது. "ஹட்டன், இலங்கை" என்றும் "பதிவு" என்றும் உள்ளபடியே நிரப்புங்கள். போலீஸ் விசாரணைக்கு வரத்தான் செய்வார்கள், எல்லாருக்கும் வருகிறார்கள். அம்மா பயப்படாமல் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டட்டும்.

திரட்ட வேண்டிய ஆவணங்கள்

ஆதாரும் ரேஷன் கார்டும் இருப்பதால் குடியுரிமைக்கு அதுவே போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று அதன் சட்டமே சொல்கிறது. ரேஷன் கார்டும் அப்படித்தான். அவை முகவரிக்கும் அடையாளத்துக்கும் உதவும். உங்களுக்கு வேண்டியவை வேறு.

தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை இரண்டையும் இனி யாரிடமும் அசலாகக் கொடுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும், காலிப் பக்கங்களையும் சேர்த்து, படமெடுத்து வையுங்கள். கலைந்த எழுத்தின் மேல் பேனாவால் எழுதித் தெளிவாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். திருத்தியது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

குடியுரிமைப் பதிவுச் சான்று பெட்டியில் இல்லை என்கிறீர்கள். பல வீடுகளில் அது இல்லை. பாஸ்போர்ட்டின் உள்பக்கங்களில் பதிவு எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். தாத்தாவை வேலைக்கு எடுத்தபோது குடும்ப அட்டையைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் பணிப் பதிவேட்டில் அதன் நகல் இருக்க வாய்ப்பு அதிகம். அரசு நிறுவனம் ஆகையால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் குடும்ப அட்டை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள். மண்டபம் முகாம் அந்த நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது.

பிறந்த தேதிக்கு அம்மாவின் பள்ளிச் சான்றோ பான் கார்டோ போதும். பிறப்புச் சான்று மட்டுமே செல்லும் என்ற புதிய விதி 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான். ஆனாலும் இலங்கைப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் நகலைத் தேடிப் பாருங்கள் என்பேன். தோட்டத்தில் நடந்த பிறப்புகளும் பதிவாகியிருக்கின்றன. பெரியம்மாவின் பிள்ளைகள் உரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து நகல் எடுக்கலாம். தோட்டத்தின் பெயர், பெற்றோர் பெயர், தோராயமான தேதி கையில் இருந்தால் தேடித் தருவார்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணில் பட்டது. குடும்ப அட்டையில் அம்மாவின் பெயர் நீளமாக, சாமி பெயரோடு சேர்ந்து இருக்கிறது. ஆதாரில் பின்பாதி மட்டும் இருக்கிறது. வயதிலும் ஓராண்டு வித்தியாசம். இதைக் கண்டு கலங்க வேண்டாம். மண்டபத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார், இங்கே ஆதார் மையத்தில் தட்டச்சு செய்தவர் மலையாள வாயில் வந்ததை அடித்தார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கேரள வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது. கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயா வழியாகவே அதற்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டுக்குப் போவதற்கு முன்பே அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.

தம்பியின் சாதிச் சான்று

இதில் நான் உங்களுக்கு உடனடி நம்பிக்கை தர முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் சமூகத்தின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கேரளப் பட்டியலிலும் இருக்கிறது, பிறகு ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் மட்டும் போதாது. அரசியல் சாசனத்தின் 341-ஆவது பிரிவு பட்டியலை மாநிலவாரியாக வகுக்கிறது. ஒரு மாநிலத்துப் பட்டியலினத்தவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அதே உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இலும் மறுபடி 2018-இலும் சொல்லியிருக்கிறது. குடும்பம் 1950-இல், பட்டியல் வெளியானபோது, எங்கே நிரந்தரமாக வசித்தது என்பதைத்தான் அதிகாரிகள் பார்க்கிறார்கள். தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தமிழர்கள் பலரும் இந்த ஆண்டு வரம்பில்தான் முட்டிக்கொள்கிறார்கள். தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் 2021-இல் வென்ற ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் 2025-இல் அதை மாற்றிய வழக்கிலும், அவருடைய குடும்பம் எப்போது மலையேறியது என்பது ஒரு கேள்வியாக எழுந்தது.

உங்கள் குடும்பம் 1950-இல் தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. இலங்கையில் இருந்தது. இந்த விதியை வகுத்தவர்கள், விருப்பப்பட்டு மாநிலம் மாறுகிறவர்களை மனதில் வைத்து வகுத்தார்கள். அரசே கொண்டுவந்து குடியமர்த்தியவர்களைக் குடிபெயர்ந்தவர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? என் பார்வையில் இது உயர் நீதிமன்றத்தில் வைத்துப் பேசத் தகுந்த வாதம். ஆனால் அதற்கு முதலில் எழுத்துப்பூர்வமான மறுப்பு வேண்டும். அலுவலகத்தில் வாயால் "கிடைக்காது" என்று திருப்பி அனுப்பியதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குடும்ப அட்டை நகலோடு முறைப்படி விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தோடு உத்தரவாகத் தரச் சொல்லுங்கள். சாதிச் சான்று வழங்குவதற்குக் கேரளத்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மேல்முறையீடு அதன்படி போகும். மாநிலப் பட்டியலினத்தோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

இடைக்காலத்துக்கு ஒரு வழி உண்டு. அப்பாவுக்கோ அவருடைய தகப்பனாருக்கோ தமிழ்நாட்டில் வழங்கிய சாதிச் சான்று இருந்தால், அதைக் காட்டிப் பிள்ளைக்கு இங்கேயே சான்று பெற மத்திய அரசின் அறிவுறுத்தல் இடம் தருகிறது. கேரள அரசின் இடஒதுக்கீட்டுக்கு அது உதவாது, மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் உதவும். தம்பி எந்தப் பக்கம் போகப் போகிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். தென்காசி உறவினர் வீட்டு முகவரியைக் காட்டித் தமிழ்நாட்டுச் சான்று வாங்கிவிடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்ய வேண்டாம். படித்து முடித்து வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துச் சான்று ரத்தாகி, வேலையும் போய் நின்றவர்களை நீதிமன்ற வளாகத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது திரும்பித் தொடங்க வயது இருக்காது.

எந்த ஊர்க்காரர்கள்?

இந்தக் கேள்விக்கு வக்கீலாக ஒரு பதில் இருக்கிறது. நீங்கள் கேரளத்தில் வாழும் தமிழ் மொழிச் சிறுபான்மையினர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாது என்பதால்தானே வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க முடிந்தது? இனி அம்மாவின் மனுக்களைத் தமிழில் எழுதுங்கள். அவரே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

வக்கீல் என்பதை ஒதுக்கிவிட்டும் ஒன்று சொல்வேன். தரகர் பொய்யாக எழுதச் சொன்ன அதே செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் கேட்டும் இந்தப் பக்கமே நின்றன. இந்த மலைக்கணவாயின் இரு பக்கத்திலும் இருப்பவர்களில் யாருடைய பாட்டனும் எல்லைக்கல்லைப் பார்த்து நடந்தவர் இல்லை. உங்களைப் பாண்டி என்றவரும் சிலோன்காரர் என்றவரும் தங்கள் வீட்டு வரலாற்றை மூன்று தலைமுறை பின்னால் போய்க் கேட்டால் அதை அறிவார்கள். தம்பி பள்ளியில் கேட்ட சொல்லுக்காக அம்மா பிறந்த ஊரைச் சொல்லக் கூச்சப்படுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப அட்டையை அவன் கையில் கொடுத்து, ஐந்து பெயர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். எதையும் திருடி வந்த குடும்பமல்ல அது. அங்கே தேயிலை, இங்கே ரப்பர் என்று இரண்டு நாட்டுக்கும் உழைத்துக் கொடுத்த குடும்பம்.

பயணம்

அம்மா இலங்கைக் குடியுரிமையும் கேட்டுப் பெறலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வேறொரு நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை அந்தக் கணமே போய்விடும். பெரியம்மாவைப் பார்க்கச் சுற்றுலா அனுமதியே போதும், இணையவழியில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் ஹட்டன் என்று இருப்பது அங்கே இறங்கும்போதும் நல்லதுதான். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் அம்மா சொல்லப் போகும் பதிலுக்கும் தாளில் இருப்பதற்கும் முரண் இருக்காது. திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ கொழும்புக்கு விமானம் உண்டு. 2023-இல் தொடங்கிய நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் உங்களுக்குச் சுற்று வழி, நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அதை நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதிவு மூலம் குடியுரிமை பெற்றவர்களுக்குத் தத்கால் முறையில் பாஸ்போர்ட் தருவதில்லை. சாதாரண முறையில்தான் போக வேண்டும், ஆவணங்களைச் சரிபார்க்கவும் நாள் பிடிக்கும். ஆகவே தம்பியின் சான்று வேலையையும் மாமாவின் விஷயத்தையும் அடுத்ததாக வைத்துக்கொண்டு, பெயர்ச் சான்றுக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பதிவு எண் கிடைக்காமல் பாஸ்போர்ட் அலுவலகத்தில் தடங்கல் வந்தால், அவர்கள் கொடுக்கும் கடிதத்தின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.